குருவி தலையில் ஒரு பெயர்

செமராங்
புதன், 12 ஆகஸ்ட் 1987

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு,

குஸ்னான் பணிவோடு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் நாள் விருந்துக்கு வந்தீர்கள், பேரனுக்குப் பெயர் சூட்டினீர்கள், சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். கிளாதென் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே உங்கள் மகள் ரெட்னோ நலம். பேரன் வீரபுவன ஜயசக்ர குசுமானிங்ஜகத்தும் நலம், அழுகை ஒன்றைத் தவிர.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். இடது தோளில் பையன், வலது கையில் பேனா. அந்தி நேர மக்ரிப் பாங்கோடு அழ ஆரம்பிப்பவன் விடிகாலைப் பாங்குக்குத்தான் ஓய்கிறான். பாங்கு சொல்பவருக்காவது நடுவில் ஓய்வு உண்டு. பகல் முழுக்க ஈரத்துணி. வாசலில் என் சலூன் நாற்காலிக்கு மேலேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். நேற்று ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள தோய்ச்சுத் தந்துடுவீங்களா?" என்று இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். ரெட்னோவுக்குப் பால் ஊறத் தினமும் கீரைச்சாறு வைக்கிறேன். மீந்ததை வீணாக்கக் கூடாதே என்று நானும் குடிக்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் ஊறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பையனின் பெயரைப் பதிய வார்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "குழந்தைங்க மூணா? ஒரு தாள்ல ஒண்ணைத்தான் எழுத முடியும்" என்றார். அது போகட்டும். தினமும் பையனுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட வருகிற தாலியெம் அம்மாதான் என்னைக் கவலையில் போட்டுவிட்டாள். "புள்ள எடை மூணு கிலோ, பேரு முப்பது கிலோ. பாவம், தூக்க முடியாமத்தான் கத்துது" என்றாள். பெயர் பாரமாகிவிட்டால் பிள்ளை அழும், நோஞ்சானாகும் என்று நம் ஜனங்கள் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. குருவி தலையில் பனங்காயை வைத்தால் குருவி என்ன செய்யும்?

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பெயரைக் கொஞ்சம் லேசாக்கலாமா? முழுவதும் எடுக்க வேண்டாம். முடிவெட்டுகிறவன் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள், ஓரத்தில் கொஞ்சம் கத்தரித்தால் போதும்.

பணிவுள்ள மருமகன்,
குஸ்னான்


கிளாதென்
ஞாயிறு, கிளிவோன் சந்தை நாள், 16 ஆகஸ்ட் 1987

மருமகன் குஸ்னானுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று எழுத்துப் பிழைகள். பால் கறை ஒன்றும் இருந்தது. அதைப் பிழையில் சேர்க்கவில்லை.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். பெயரைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். பெயர் என்ன தலைமுடியா, ஓரத்தில் கத்தரிப்பதற்கு? பழைய காவியங்களைப் புரட்டிப் புரட்டி, கண்ணாடியையே மாற்றும்படி ஆகி, எடுத்த பெயர் அது.

பிள்ளை அழுகிறது என்றால் குற்றத்தை உன்னிடம் தேடு. நஞ்சுக்கொடியைப் புதைக்க எடுத்துப்போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் நேராக நடக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ வழியில் எவனாவது வாடிக்கைக்காரனுக்குத் தலையாட்டியிருப்பாய். புதைத்த இடத்தில் விளக்கு எரிகிறதா? மேலே கவிழ்த்த கூடை இருக்கிறதா? தினமும் காலையிலும் மாலையிலும் பிள்ளையின் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கேட்கக் கேட்கத்தான் பெயர் ஒட்டும்.

பிறந்த புதனும், ஐந்து நாள் சந்தைச் சுற்றில் வாகே நாளும் முப்பத்தைந்து நாள் கழித்து மறுபடி கூடுகிற செப்டம்பர் ஒன்பதாம் தேதி நான் வந்து முதல் முடி எடுப்பேன். வாசலில் நின்று, "என் பேரன் பேர் என்ன?" என்று கேட்பேன். முழுப் பெயரும் வந்தால்தான் செருப்பைக் கழற்றுவேன். ஒரு எழுத்து குறைந்தாலும் அப்படியே திரும்பி பஸ் ஏறுவேன்.

ரெட்னோவை வயிற்றுக்கட்டை இறுக்கிக் கட்டச் சொல்.

சாஸ்த்ரோவிர்யோ


செமராங்
வியாழன், 20 ஆகஸ்ட் 1987

மதிப்புக்குரிய அப்பா அவர்களுக்கு,

விளக்கு எரிகிறது. கூடை இருக்கிறது. அதன்மேல் பக்கத்து வீட்டுக் கோழி உட்கார்ந்திருந்தது, விரட்டிவிட்டேன். தலையாட்டிய விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். ஒரே ஒருவருக்குத்தான் ஆட்டினேன். பழைய வாடிக்கை, பார்க்காத மாதிரி போக முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி காலையும் மாலையும் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். "வீரபுவன" என்றதும் முகம் சுருங்குகிறது. "ஜயசக்ர" என்றதும் உதடு பிதுங்குகிறது. "குசுமானிங்ஜகத்" வரை நான் போய்ச் சேர்ந்ததே இல்லை.

தூக்கமில்லாமல் தொழிலும் ஆட்டம் கண்டுவிட்டது. திங்கட்கிழமை சுதந்திர தினம். கொடியேற்றப் போகிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்தார். நுரை போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, அவர் மீசையில் பாதி என் கையில் இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். "வீட்ல சின்னக் குழந்தையா?" என்றார். ஆமாம் என்றேன். "மிச்சத்தையும் எடுத்துரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷர். கொடியேற்றத்தில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தாலியெம் அம்மா பையனை மடியில் போட்டு உருவும்போது, "என்னடா வாகியோ, என்னடா கோவம் ஒனக்கு?" என்றாள். வாகே நாளில் பிறந்தவனை வாகியோ என்பது எங்கள் சந்தில் வழக்கம்தானே. அப்பா, குழாயைத் திருகி மூடின மாதிரி அழுகை நின்றது. ஒரு விக்கல், ஒரு கொட்டாவி, தூங்கிவிட்டான். நாங்கள் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தோம். அதற்கப்புறம் நான் கூப்பிட்டேன், ரெட்னோ கூப்பிட்டாள், மீன்காரி கூப்பிட்டாள். யார் கூப்பிட்டாலும் வேலை செய்கிறது.

அது வண்டிக்காரனுக்கும் ஆடு மேய்க்கிறவனுக்கும் வைக்கிற பெயர் என்று எனக்கும் தெரியும். தலைமை ஆசிரியரின் பேரனுக்கு வாகியோவா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வீட்டுக்குள் மட்டும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று அனுமதி தர முடியுமா? இதை உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும் ரெட்னோ வயிற்றுக்கட்டு அவிழுமளவு சிரித்தாள். "எழுதுங்க, கட்டாயம் எழுதுங்க" என்கிறாள். என்ன சிரிப்பு என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

குஸ்னான்


கிளாதென்
ஞாயிறு, பாஹிங் சந்தை நாள், 23 ஆகஸ்ட் 1987

குஸ்னானுக்கு,

உனக்கு யார் சொன்னது? ரெட்னோவா? இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறீர்களா?

தெரியாதது போல நடிக்க வேண்டாம். நானும் வாகே நாளில் பிறந்தவன்தான். என் தகப்பனார் எனக்கு வைத்த பெயர் வாகியோ. கல்யாணத்தன்று எல்லாரையும் போல நானும் பெரியவனுக்கான பெயரைச் சூட்டிக்கொண்டேன். அன்றைக்கே அந்தப் பழைய பெயரைத் தலைமுழுகிவிட்டேன்.

ஏன் என்றும் தெரிந்துகொள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தினமும் காலையில் பெயர் வாசிப்பார்கள். அதிகாரி வீட்டுப் பையன்களின் பெயரை வாத்தியார் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். அவர்கள் எழுந்து நின்று வந்திருக்கிறேன் என்பார்கள். என் முறை வரும்போது, "வாகியோ, ஜன்னலைத் திற" என்பார். நான் வந்திருக்கிறேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்கியவன் நான். மூன்று வருஷமும் ஜன்னல் திறந்தேன்.

என் பேரனை எவனும் ஜன்னல் திறக்கச் சொல்லக் கூடாது. பெயர் சொல்லும்போதே எதிராளி எழுந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை நீளம். அதைத்தான் நீங்கள் பாரம் என்கிறீர்கள்.

ஒன்பதாம் தேதி நான் வரப்போவதில்லை. உன்னிடம் கத்தரி இருக்கிறது. முதல் முடியை நீயே எடுத்துக்கொள்.

சாஸ்த்ரோவிர்யோ


செமராங்
வியாழன், 27 ஆகஸ்ட் 1987

அப்பா,

சத்தியமாக எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரெட்னோவிடம் போய் நின்றேன்.

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?"

பிறகு அவளாகவே சொன்னாள். "அம்மா இருந்தவரைக்கும் அப்பாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. வெளியாள் இல்லாதப்ப மட்டும். அப்பா ஒருதடவகூட கோவிச்சுக்கிட்டதில்ல." சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுததும் பையன் அழுதான். நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று துணி மடித்தேன்.

உங்கள் சொல்லை மீறக் கூடாது என்று அந்தப் பெயரை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன். தாலியெம் அம்மா வாயைத் திறக்காமல் உருவிவிட்டுப் போகிறாள். மீன்காரி மட்டும், "அப்ப இவன என்னன்னுதான் கூப்பிடறது?" என்று கேட்டாள். முழுப் பெயரைச் சொன்னேன். "ஐயோ, கூடைய இறக்கி வெச்சுட்டுல்ல கூப்பிடணும்" என்றாள். பழைய அழுகை வட்டியும் முதலுமாகத் திரும்பிவிட்டது. நேற்றுத் தெருத் தலைவர் வந்து, "தம்பி, பேருக்கு மரியாதை வேணும்தான். சந்துக்குத் தூக்கமும் வேணுமே" என்று கை கூப்பினார்.

நீங்கள் கோபமாக இருங்கள், அதற்கு உரிமை உண்டு. அந்த வாத்தியார் மட்டும் உயிரோடு என் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் தூங்கி வழிகிற நாளாகப் பார்த்துச் சவரம் செய்வேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வாகியோ என்று கூப்பிட்டபோது ஒருநாளும் அவனை எதையும் செய்யச் சொல்லவில்லை. தூங்குடா ராசா என்று கெஞ்சினோம், அவ்வளவுதான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை தடவை சொன்ன எனக்கு அந்தப் பெயர் இனி கீழான பெயராகக் காதில் விழாது. என்ன செய்தாலும் விழாது.

இந்த வட்டாரத்தில் பாதித் தலை என் கைக்கு வந்துபோனதுதான். இவன் தலையில் கத்தரி வைக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. உச்சியில் அந்த மெத்தென்ற இடம் துடித்துக்கொண்டே இருக்கிறது, பார்த்ததும் கத்தரியைத் திருப்பி வைத்துவிடுகிறேன். நீங்கள் வர வேண்டும். அவனை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, வந்துவிடுங்கள்.

குஸ்னான்


கிளாதென்
செவ்வாய், லெகி சந்தை நாள், 1 செப்டம்பர் 1987

குஸ்னானுக்கு,

உன் கடிதத்தின் ஓரத்தில் ரெட்னோ பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறாள். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். "பேரு வெச்சதோட தாத்தா வேல முடிஞ்சுபோச்சா?" அவள் அம்மாவும் இப்படித்தான், பெரிய சண்டையைச் சின்ன வரியில் முடிப்பாள்.

மூன்று நாள் யோசித்தேன். நேற்றுப் பின்கட்டில், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பழைய பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சோயாக் கட்டி, டெம்பே விற்றுக்கொண்டு போனவன், "என்னங்கையா?" என்று எட்டிப் பார்த்தான். அவன் பெயரும் அதுதானாம். இரண்டு பொட்டலம் வாங்க வேண்டியதாயிற்று.

என் முடிவு இது. பிள்ளையைக் கத்தவிட்டுக் காக்க வேண்டிய கௌரவம் எதுவும் நம் வீட்டில் இல்லை. கடிதம் கிடைத்த நிமிஷமே வாகியோ என்று கூப்பிடு. பள்ளியில் சேர்க்கும்போது முன்னால் ஒரு நல்ல பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், சின்னதாக.

அதற்காக அந்தப் பெரிய பெயரைக் குப்பையில் போட முடியாது. அதை நானே எடுத்துக்கொள்கிறேன். நம்மில் வயதானபின் பெயர் மாற்றுவது புதிதல்லவே. முழங்கால் கொஞ்சம் தகராறு, முதுகு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. பிள்ளைக்குத்தான் பாரம், எனக்கென்ன? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, மஞ்சள் சோறு போட்டு, நேற்றே மாற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி காலை வருகிறேன். கத்தரியைத் தீட்டி வை.

வீரபுவன ஜயசக்ர குசுமானிங்ஜகத்
(உன் மாமனார்)


செமராங்
வெள்ளி, 11 செப்டம்பர் 1987

மதிப்புக்குரிய வீரபுவன ஜயசக்ர குசுமானிங்ஜகத் அப்பா அவர்களுக்கு,

உறை மேல் பெயர் எழுதியதில் விலாசத்துக்கு இடம் போதவில்லை. கிளாதென் என்று தபால்தலையை ஒட்டிச் சின்னதாக எழுதியிருக்கிறேன், வந்து சேர வேண்டும்.

நேற்று முன்தினம் நீங்கள் வாசலில் நின்றபோது, "வர்றவங்க பேரு என்னன்னு சொன்னாத்தான் உள்ள விடுவோம்" என்று ரெட்னோ குறுக்கே கை வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் நடுவில் ஒரு துண்டை மறந்ததைச் சந்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருத் தலைவர்கூட, "புதுப் பேருதானே, போகப் போகப் பழகிடும்" என்றுதான் சொன்னார்.

நீங்கள் முதல் முடி எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உங்கள் கை நடுங்கவே இல்லை, பையன் உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். என் தொழிலில் அவ்வளவு சுத்தமான வெட்டை நான் பார்த்ததில்லை. இது முகஸ்துதி அல்ல.

உங்கள் போன கடிதம் வந்ததிலிருந்து வீடு அமைதி. அமைதியாக இருக்கிறதே என்ற கவலையில் ரெட்னோதான் எழுந்து எழுந்து பார்க்கிறாள். பகலில் மட்டும், பசி வரும்போது, தொண்டை கிழியக் கூப்பிடுகிறான். அதற்குப் பெயர் மாற்றி ஒன்றும் ஆகாது, பால்தான் கொடுக்க வேண்டும் என்று தாலியெம் அம்மா சொல்லிவிட்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கிளம்பும்போது முகம் வாடியிருந்தது. சாப்பாட்டில் குறையா? நாங்கள் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமா?

குஸ்னான்


கிளாதென்
செவ்வாய், கிளிவோன் சந்தை நாள், 15 செப்டம்பர் 1987

குஸ்னானுக்கு,

சாப்பாட்டில் குறை இல்லை. நீங்களும் தவறாக ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் மாற்றியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முதலில் முழங்கால் என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். தபால்காரன் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு, "இது எந்த ஆபீசுங்கையா?" என்று தெரு முழுக்க விசாரித்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் முன்னெல்லாம் வேலியில் சாய்ந்து அரைமணி பேசுவான். இப்போது கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா நலமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். நான் ஆசைப்பட்டது எதுவோ அது அப்படியே கிடைத்துவிட்டது. பெயரைச் சொல்லும்போதே எழுந்து நிற்கிறார்கள். உட்காரத்தான் யாரும் இல்லை.

உன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரெட்னோவிடம் சொல்லாதே, அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். விருந்து முடிந்து நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தேன். உள்ளேயிருந்து அவள், "வாகியோ, எழுந்துட்டியா கண்ணு?" என்றாள். அப்படியே அவள் அம்மா குரல். நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்றபிறகுதான் புரிந்தது, கூப்பிட்டது என்னை இல்லை என்று. மெதுவாக மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவள் அம்மா போனதிலிருந்து என்னை அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. எத்தனை வருஷம் என்று நான் எண்ணுவதில்லை.

இந்தப் பெரிய பெயர் எனக்கும் பாரம்தான், குஸ்னான். சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அதை எடுத்த காவியத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன். அங்கே அது நன்றாக இருக்கிறது.

பேரனிடம் நான் கேட்டதாக ஒன்று கேள். அவன் பெயரில் எனக்குப் பாதி கொடுப்பானா? ரெட்னோவுக்கு இன்னும் இடுப்பு வலி என்று தாலியெம் சொன்னாள். உன் கண் இரண்டும் நண்டுக் கண் மாதிரி வெளியே நிற்கின்றன. துணி துவைக்க எனக்குத் தெரியும், வகுப்பறையையே சமாளித்தவனுக்கு ஒரு பிள்ளையின் கத்தல் பெரிதில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இந்த முறை அன்றைக்கே திரும்பமாட்டேன்.

வந்தபிறகு வேலை இருந்தால் சும்மா கூப்பிடுங்கள். சின்னவன் தூங்கட்டும், பெரியவன் எழுந்து வருகிறேன்.

வாகியோ